ஸீட்டுக்கு அடியில் ஒரு ஜாதகம்

உங்களிடம் 1970-ம் வருஷத்து செவர்லே ஷெவெல் கார் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். (என்னிடமும் இல்லை. சும்மா வைத்துக்கொள்வோம்.) பானெட் மேல் இரண்டு பட்டைக் கோடுகள், முன்னால் 'எஸ்எஸ்' என்று எழுத்து, உள்ளே 454 எஞ்சின். விற்றவர் அத்தனையும் ஒரிஜினல் என்று சத்தியம் செய்கிறார். எப்படி நம்புவீர்கள்?

காரின் அடையாள எண்ணைப் பார்த்தால் போச்சு என்பீர்கள். பிரயோஜனமில்லை. 1969-லிருந்து ஷெவெலில் எஸ்எஸ் என்பது தனி மாடல் இல்லை. கூடுதல் காசு கொடுத்தால் கிடைக்கும் ஆப்ஷன். 200 குதிரைசக்தி கொண்ட சாதுவான மாலிபுவுக்கும், 450 குதிரைசக்தி கொண்ட எல்எஸ்6 ராட்சசனுக்கும் எண் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். 'எட்டு சிலிண்டர்' என்பதற்கு மேல் அது வாயைத் திறக்காது. பட்டைக் கோட்டையும் எழுத்தையும் யார் வேண்டுமானாலும் வாங்கி ஒட்டலாம். ஒட்டியிருக்கிறார்கள்.

அதனால்தான் இந்தப் பழைய அமெரிக்க 'மஸில் கார்' பைத்தியங்கள் கார் கைக்கு வந்ததும் ஓட்டிப் பார்ப்பதில்லை. பின் ஸீட்டைக் கழற்றுகிறார்கள். ஸ்ப்ரிங்குகளுக்கு நடுவே டார்ச் அடிக்கிறார்கள். அங்கே இல்லையென்றால் கார்பெட்டுக்கு அடியில். அங்கும் இல்லையென்றால் பெட்ரோல் டாங்கையே கீழே இறக்கி அதன் முதுகைத் தடவுகிறார்கள். அதிர்ஷ்டம் இருந்தால், மஞ்சளித்து, எலி கொறித்தது போக மிச்சமாக ஒரு காகிதம் கிடைக்கும். பெயர், பில்ட் ஷீட். காரின் ஜாதகம்.

அது ஒன்றும் பத்திரமாக வைக்க அச்சடித்த காகிதமல்ல. தொழிற்சாலையில் வண்டிகள் வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்கும். அடுத்து வருவதற்கு என்ன எஞ்சின், எந்த கியர் பாக்ஸ், ரேடியோ உண்டா, ஸீட் கறுப்பா பச்சையா என்று தொழிலாளிக்குத் தெரிய வேண்டும். கட்டம் கட்டமாகக் குறியீடுகள். மாட்டி முடித்ததும் காகிதத்துக்கு வேலை முடிந்தது. குப்பைத்தொட்டி தூரம், அடுத்த கார் வந்துவிட்டது. கையில் இருந்ததை ஸீட் ஸ்ப்ரிங்கில் செருகிவிட்டுப் போனார்.

எல்லாக் கம்பெனியிலும் இத்தனை தவிப்பு இல்லை. கிரைஸ்லர் கார்களில் அடையாள எண்ணின் ஐந்தாவது எழுத்தே எஞ்சினைச் சொல்லிவிடும். 'ஆர்' என்றால் 426 ஹெமி. ஃபோர்டில் 1967-லிருந்து தயாரிப்பு விவரங்கள் தப்பிப் பிழைத்து, கெவின் மார்ட்டி என்பவர் கம்பெனியின் உரிமத்துடன் காருக்குக் கார் அறிக்கை தருகிறார். செவர்லேக்காரர்களுக்குத்தான் ஸ்ப்ரிங்கே கதி.

ஒரு பிரதியாக இந்த பில்ட் ஷீட்டைப் படித்தால் எனக்கு இரண்டு ஆட்சேபணைகள்.

முதலாவது: இது உத்தரவு, சான்றிதழ் அல்ல. 'இதை மாட்டு' என்று சொல்கிறதே தவிர 'மாட்டியாச்சு' என்று சொல்லவில்லை. அவசரத்தில் பக்கத்துக் காரின் ஷீட் இந்தக் காரில் போய் உட்கார்ந்த கதைகள் ஏராளம். ஸீட்டைக் கழற்றிச் சந்தோஷத்தில் குதித்தவர், எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தபின் ஊமையாகிவிடுவார். அது வேறு யாருக்கோ கிடைக்க வேண்டிய சொத்து. தவிர, கிடைக்காதவர்களுக்காகப் புதிதாக அச்சடித்துப் பழசாக்கிக் கொடுக்கும் புண்ணியவான்களும் உண்டு. காகிதத்துக்கு விலை வந்ததும் காகிதமே பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டது. இதில் ஆச்சரியமென்ன?

இரண்டாவது ஆட்சேபணைதான் முக்கியம். அந்தத் தாளில் எல்லாம் இருக்கிறது: ஆக்ஸில் விகிதம், பெயின்ட் நம்பர், கண்ணாடியின் நிறம். அதைச் செருகியவர் பெயர் மட்டும் இல்லை.

டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராமக்கில் 'டாட்ஜ் மெயின்' என்று பிரம்மாண்டமான ஒரு தொழிற்சாலை இருந்தது. சேகரிப்பாளர்கள் இன்று கண்ணில் ஒற்றிக்கொள்ளும் சாலஞ்சர்களும் 'குடாக்களும் பெருமளவில் பிறந்த இடம். 1968 மே மாதம் அங்கே தொழிலாளர்கள் திடீரென்று வெளிநடப்பு செய்தார்கள். காரணம், வரிசையின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனது. வேலைநிறுத்தம் முடிந்தபின் தண்டனை அதிகமாக விழுந்தது கறுப்பினத் தொழிலாளர்கள் தலையில். அதிலிருந்து பிறந்ததுதான் 'டிரம்' என்ற அவர்களுடைய புரட்சித் தொழிற்சங்க இயக்கம். 1980-ல் தொழிற்சாலையை மூடி, பிறகு இடித்தும் விட்டார்கள்.

இப்போது அந்தக் காகிதத்தை மறுபடி பாருங்கள். 'ஐயோ, சோம்பேறி எவனோ செருகிவிட்டுப் போனான், நம் அதிர்ஷ்டம்!' என்று சிரிக்கிறார்கள் கண்டெடுத்தவர்கள். சோம்பேறியா? குப்பைத்தொட்டிவரை நடக்க நேரம் கொடுக்காத வரிசை அது. அவசரத்தின் அடையாளத்தைத்தான் நாம் பொக்கிஷம் என்கிறோம்.

2014-ல் சியாட்டில் ஏலத்தில் 1971-ம் வருஷத்து ஹெமி 'குடா கன்வர்ட்டிபிள் ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனது. மொத்தம் தயாரித்ததே 11-தான் என்பார்கள். இந்த விலைகளைப் பார்த்தால், வாங்குகிறவர்கள் காரை வாங்குகிறார்களா, 'இது இதுதான்' என்ற நிச்சயத்தை வாங்குகிறார்களா என்று சந்தேகமாக இருக்கிறது. ஒரே மாதிரி ஓடும், ஒரே மாதிரி உறுமும் இரண்டு ஷெவெல்களில், எலி கொறித்த தாள் உள்ளதற்கு மவுசு அதிகம். தாள் உள்ள கார் பெரும்பாலும் கண்ணாடி அறையில் நிற்கிறது. தாள் இல்லாததுதான் பாவம், ரோட்டில் ஓடுகிறது.

எனக்குக் கொடுத்தால், ஓடுவதைத்தான் எடுத்துக்கொள்வேன். ஆனால் பின் ஸீட்டுக்கு அடியில் ஒருமுறை கைவிட்டுப் பார்த்துவிட்டுத்தான்.