லாரிக்குள் என்ன இருக்கிறது?

செங்கோட்டையைத் தாண்டி, புளியறை செக்போஸ்ட் பக்கம் ஒரு டீக்கடை. போன மாதம் அங்கே உட்கார்ந்து பேப்பர் கேட்டேன். டிரங்க் கால் புக் பண்ணச் சொன்னவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார் கடைக்காரர்.

"பேப்பர் வாங்குததை நிறுத்தி ரெண்டு வருசம் ஆச்சு அண்ணாச்சி. எல்லாரும் செல்லுலயே பாத்துக்கிடுதாவ."

நிஜம்தான். பெஞ்சில் ஐந்து பேர், ஐந்து செல்போன். முன்பெல்லாம் ஒரே பேப்பரை ஐந்தாகப் பிரித்துப் படிப்பார்கள். எதிரே கேரளா போகும் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஜல்லியா, எம்-சாண்டா, எத்தனை டன், பர்மிட் உண்டா? ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இந்தப் பகுதிக்கும் பத்திரிகைக்கும் பழைய சொந்தம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை, திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராட்டம் நடந்த காலத்தில், 1951-ல், டி.வி.ராமசுப்பையர் திருவனந்தபுரத்தில்தான் 'தினமலர்' ஆரம்பித்தார். எல்லை மாறியது. 1957-ல் பேப்பரும் திருநெல்வேலிக்கு வந்துவிட்டது.

அப்படிப்பட்ட பேப்பர்களுக்கு இன்று என்ன ஆச்சு?

நான் படித்தது பி.காம். எனவே ஒப்பாரியைத் தள்ளிவைத்துவிட்டுக் கணக்கைப் பார்க்கலாம். நாம் கொடுக்கும் காசில் பேப்பரின் அடக்க விலை தேறாது. மீதியைக் கொடுத்தது ஜவுளிக்கடை, நகைக்கடை, ரியல் எஸ்டேட் விளம்பரங்கள். அதில் பெரும்பங்கு கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போய்விட்டது. காகிதமோ பெரும்பாலும் இறக்குமதி. 2022-ல் உக்ரைன் போர் வந்ததும் அதன் விலையும் எகிறியது. 'கல்கி' 2020-ல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போனது. 1703-ல் பிறந்த வியன்னா நாளிதழ் ஒன்று 2023 ஜூனோடு தினசரி அச்சுக்கு முழுக்குப் போட்டது.

காகிதம் போகட்டும், கவலையில்லை. என் கவலை தாலுகா நிருபரைப் பற்றி. செலவைக் குறைக்கும்போது கத்தி முதலில் விழுவது அவர் தலையில்தான்.

பழைய காலம் மட்டும் பொற்காலமா என்ன? பல தாலுகா நிருபர்களுக்கு மாதச் சம்பளமே கிடையாது. செய்திக்கு இவ்வளவு, விளம்பரம் பிடித்தால் கமிஷன். குவாரியைப் பற்றி எழுத வேண்டியவரே குவாரி முதலாளியிடம் பொங்கல் வாழ்த்து விளம்பரம் கேட்டு நிற்க வேண்டும். அப்புறம் எப்படி எழுதுவார்? இந்த வியாதிக்கு இணையத்தைக் குறை சொல்ல முடியாது. பத்திரிகைகள் தாமே வரவழைத்துக்கொண்டது.

"அதான் வாட்ஸ்அப்பில் எல்லாம் வருதே சார்" என்பீர்கள். வரும். 2024 டிசம்பரில் திருநெல்வேலி சுற்றுவட்டாரக் கிராமங்களில் மருத்துவக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். குப்பையை வீடியோ எடுக்க யாராலும் முடியும். ஆனால் அது யாருடைய குப்பை? உள்ளே திருவனந்தபுரம் மருத்துவமனைகளின் காகிதங்கள் கிடந்ததால் விஷயம் வெளியே வந்தது. பசுமைத் தீர்ப்பாயம் மூன்றே நாளில் அள்ளச் சொன்னது. கேரளா லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. குப்பையைக் கிளறிக் காகிதத்தைப் படிக்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மாதம் பிறந்தால் வீட்டு வாடகை வேண்டும்.

'நியூயார்க் டைம்ஸ்' இன்று இணையச் சந்தாவில் கொழிக்கிறது. அதற்கு உலகம் முழுக்க வாசகர்கள். தென்காசிச் செய்திக்குச் சந்தா கட்ட நியூயார்க்கிலிருந்து யாரும் வரமாட்டார்கள். நாம்தான் கட்ட வேண்டும். அச்சோ, செல்லோ, செய்திக்கு நாம் காசு கொடுக்காவிட்டால் வேறு யாரோ கொடுப்பார்கள். அவர்கள் விரும்புகிற செய்திதான் நமக்கு வரும்.

கிளம்பும்போது தார்ப்பாய் போர்த்திய லாரி ஒன்று கடந்து போனது.

"உள்ளே என்ன அண்ணாச்சி?" என்றேன்.

டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"யாருக்குத் தெரியும்?"