மன்னனைத் தேடிய மண்வெட்டி

சிந்து ஆற்றங்கரையில் பௌத்தத் தூபி ஒன்று நின்ற மேட்டை, 1922-இல் அகழ்ந்தார் இராக்கால்தாஸ் பானர்ஜி. தூபிக்கு அடியில் துயின்றதோ நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மூத்த நகரம்! அதுவே மொகஞ்சதாரோ. 1924-இல் அதனை உலகுக்கு அறிவித்த சர் ஜான் மார்ஷல், 1931-இல் மூன்று பெருந்தொகுதிகளில் ஆய்வை அச்சேற்றினார். வெயிலில் வெந்து உழைத்த அந்த அறிஞர்களின் தொண்டு போற்றத்தக்கது. ஆனால், மண்வெட்டி ஓய்ந்தபின் பேனா செய்த வேலையை நாம் எடைபோட வேண்டாமா?

பதினேழரை சென்டிமீட்டர் உயரமே உள்ள உடைந்த கற்சிலை ஒன்று கிடைத்தது. தாடி உண்டு, நெற்றிப்பட்டை உண்டு, பூவேலை செய்த மேலாடை உண்டு. பெயர் பொறிக்கப்படவில்லை, மணிமுடியும் இல்லை. எனினும் அதற்குப் 'புரோகித மன்னன்' என்று பட்டம் சூட்டினர். மன்னன் என்றால் அவன் மாளிகை எங்கே? புரோகிதன் என்றால் அவன் கோயில் எங்கே? ஐயமற இதுதான் என்று சுட்ட இன்றுவரை இரண்டும் கிடைத்தில. 1950-இல் மார்ட்டிமர் வீலர் ஒரு கட்டடத்தைத் தானியக் களஞ்சியம் என்றார். பின்வந்த ஆய்வாளர் அங்கே தானியம் சேர்த்ததற்குச் சான்று காணவில்லை. மன்னனும் குருவும் இன்றி மக்கள் வாழ்ந்திருக்க முடியும் என்று எண்ணவே இயலாத மனம், மண்ணுக்குள்ளும் அவர்களையே தேடியது!

மண் காட்டியதோ வேறு. வீடுதோறும் குளியலறை, நூற்றுக்கணக்கான கிணறுகள், மூடியிட்ட செங்கல் வடிகால், பன்னிரண்டு மீட்டர் நீளப் பெருங்குளம். அந்த வடிகாலைக் கட்டிய கைகளுக்குப் பட்டம் சூட்டியவர் யார்?

இதே தராசில் நம்மையும் நிறுத்துவோம். தெருக்களில் கிடந்த எலும்புக்கூடுகளைக் கண்ட வீலர், ஆரியர் படையெடுத்துக் கொன்று குவித்தனர், குற்றவாளி இந்திரனே என்று எழுதினார். நம் செவிக்கு இனித்த கதை அது! ஆனால் அவர்கள் ஒரே நாளில், ஒரே படையால் மாண்டவர்கள் என்பதற்குச் சான்றில்லை என்று 1964-இல் ஜார்ஜ் டேல்ஸ் எடுத்துக்காட்டினார். இனிக்கிறது என்பதற்காகப் பொய்யைப் போற்றலாமா? பகைவன் புனைந்தால் புரட்டு, நமக்குப் பயன்பட்டால் வரலாறு என்பது பகுத்தறிவாகாது.

அந்நகரின் எழுத்துகள் இன்னும் எல்லோரும் ஒப்பும்படி படிக்கப்படவில்லை. அவை பேசும் நாள் வரை, அவர்கள் வாயில் நம் சொல்லைத் திணிக்காதிருப்போம். ஐயத்தை ஐயம் என்றே எழுதும் அறிஞனே நமக்கு ஆசான்.