துப்பறியும் தொடர்களில் காலவழு

நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்தார் தொல்காப்பியர். கதை எங்கே, எப்பொழுது நிகழ்கிறது என்பது தெளிவாகாதவரை எந்த உரிப்பொருளும் உயிர்பெறாது. துப்பறியும் நாடகத்திற்கு இது மிகவும் பொருந்தும்; அங்கே 'எப்பொழுது' என்னும் வினாவே வழக்கின் உயிர்நாடி. கொலை நிகழ்ந்த நேரத்தைப் பத்து நிமிடம் மாற்றிச் சொன்ன சாட்சியை மடக்கிப் பிடிக்கும் கதை, தன் தெருவில் பத்தாண்டு பிந்திப் பிறந்த காரை ஓடவிடுமாயின், பார்ப்போர் யாரை நம்புவர்?

நன்னூலார் வழு ஏழு என்றார். அவற்றுள் ஒன்று காலவழு, மற்றொன்று மரபுவழு. வழுவாயினும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவதை வழுவமைதி என்பர். இலக்கணத்தார் தந்த இச்சொற்களைத் துணைக்கொண்டு, ஆங்கிலத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற சில துப்பறியும் தொடர்களை நோக்குவோம். அவற்றில் பழங்காலக் கார் வெறும் ஊர்தியன்று. கதையின் கருப்பொருள்களுள் ஒன்று.

அந்நாட்டில் காலவழுவை ஒளிப்பது எளிதன்று. 1963ஆம் ஆண்டு முதல் கார்களின் பதிவெண் இறுதியில் ஆண்டைக் காட்டும் ஓர் எழுத்தைச் சேர்க்கத் தொடங்கினர். இறுதியில் 'சி' என்றிருந்தால் அது 1965ஆம் ஆண்டுக் கார். ஆகவே 1964இல் நிகழும் கதையில் 'சி' எழுத்துடைய கார் தோன்றினால் அது தன் பிறப்புக்கு முன்னரே ஓடுகிறது என்பது பொருள். நம் இல்லங்களில் இத்தகைய பிழைகளை முதலில் கண்டுபிடிப்போர் பிள்ளைகளே. கண்டுபிடித்தபின் அவர்கள் கதையைக் கவனிப்பதில்லை.

அகதா கிறிஸ்தி படைத்த புவாரோவின் முதல் நாவல் 1920இல் வெளியாயிற்று. இறுதி நாவல் 1975இல். டேவிட் சூஷே நடித்து 1989 முதல் 2013 வரை வந்த தொடரோ, ஏறக்குறைய எல்லாக் கதைகளையும் 1930களுக்குள் அடைத்துவிட்டது. இதனைக் காலவழு எனக் கடிதல் தகாது. ஒரே மனிதர் அரைநூற்றாண்டு முதுமையுறாது துப்பறிவதைக் காட்டிலும் இது நம்பத்தக்கது, வழுவமைதியே. குறை வேறிடத்தில் உள்ளது. நண்பர் ஹேஸ்டிங்ஸ் ஓட்டும் லகோண்டா எப்பொழுது பார்த்தாலும் அன்று காலையில் துடைத்து நிறுத்தியது போல் மின்னுகிறது. தெருவிலுள்ள பிற கார்களும் அவ்வாறே. கார் அக்காலத்ததுதான். ஆனால் அக்காலத்தில் அதை ஒருவரும் ஓட்டியதாகத் தெரியவில்லை. பழங்கார்களைப் பேணி வைத்திருப்போர் படப்பிடிப்புக்குக் கொடுத்து உதவும்போது சேறு பூச இசைவது அரிது என்பதை நாம் அறிவோம். எனினும் ஊர்திக்குரிய வழக்கு பிறழ்ந்ததால் இதனை மரபுவழு என்றே சொல்வோம். ஆண்டு பிழைத்த காரினும் புழுதி படியாத கார் நம்மைக் கதையினின்றும் மிகுதியாக விலக்குகிறது.

இதற்கு மாறாக, அந்தோனி ஹோரோவிட்ஸ் உருவாக்கிய 'ஃபாயில்ஸ் வார்' தொடரைக் காணலாம். 2002இல் தொடங்கிய இத்தொடரின் முதற்கதை 1940ஆம் ஆண்டு மே மாதத்தில், ஹேஸ்டிங்ஸ் என்னும் கடற்கரை ஊரில் நிகழ்கிறது. (புவாரோவின் நண்பருக்கும் இவ்வூருக்கும் தொடர்பில்லை.) காவல் அதிகாரி ஃபாயில் கார் ஓட்டுவதில்லை. ஆகவே அவருடைய வோல்ஸ்லி காரை ஓட்டச் சமந்தா ஸ்டூவர்ட் என்னும் இளம்பெண் அனுப்பப்படுகிறாள். ஆடவர் போர்முனை சென்றதால் மகளிர் கைக்கு வந்த பணிகளுள் இதுவும் ஒன்று. இந்த ஒரே ஏற்பாட்டினால் போர்க்காலச் சமுதாயம் முழுவதும் காருக்குள் வந்து அமர்ந்துவிடுகிறது. அதிகாரி இறுகிய முகத்துடன் இருப்பதும், காரோட்டும் பெண் கேளாமலே பேசுவதும் வேறு எங்கு நிகழக்கூடும்?

அக்காலத்துக் காருக்கு அணிகள் வேறு. விண்ணிலிருந்து குண்டு வீசுவோர் காணாதிருக்க முகவிளக்குகளுக்கு மூடியிட்டு, கீற்றளவே ஒளி விட்டனர். இருளில் மோதாதிருக்கச் சக்கரக் காப்புகளின் ஓரங்களில் வெள்ளை பூசினர். கட்டடங்கள் நெருங்கிய பகுதிகளில் இரவு வேகம் மணிக்கு 20 மைலைத் தாண்டக் கூடாதென 1940 பிப்ரவரியில் விதித்தனர். பகைவர் இறங்கினால் வழியறியாது தவிக்கட்டும் என்று அவ்வாண்டே வழிகாட்டிப் பலகைகளையும் அகற்றினர். பெட்ரோல் பங்கீடு 1939 செப்டம்பரில் வந்தது. 1942இல் தனியார் காருக்குரிய அடிப்படைப் பங்கும் நின்றது. இத்துணைத் தளைகளுக்கு இடையே துப்பறிவோர் யாரை எங்ஙனம் விரட்டிப் பிடிப்பது? கதையே மெதுவாக நடந்தாக வேண்டும்; ஃபாயிலும் பேசியே உண்மையை வருவிக்கிறார். 2003இல் வந்த ஒரு கதையில் பெட்ரோல் திருட்டே வழக்காகிறது. அத்திருட்டை அறியச் சமந்தாவே எண்ணெய்க் கிடங்கில் வேலைக்குச் சேர்கிறாள். இங்கே காலப்பொருத்தம் ஒப்பனையாக நிற்கவில்லை. கதை அதனின்றே முளைக்கிறது.

மோர்ஸின் சிவப்பு ஜாகுவார் மற்றொரு வகை. 1987இல் தொடங்கிய அத்தொடர் சமகாலக் கதை. காரோ 1960ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கடமையிலுள்ள காவல் அதிகாரி இருபத்தேழு ஆண்டுப் பழங்காரில் கொலைக்களம் செல்வது உலகியல் வழக்கன்று, நாடக வழக்கு. ஆயினும் வாக்னரின் இசையிலும் குறுக்கெழுத்துப் புதிரிலும் மூழ்கி, தன் காலத்தோடு ஒட்டாது வாழும் தனியருக்கு அது பொருந்துகிறது. காலின் டெக்ஸ்டரின் நாவல்களில் அவர் முதலில் ஓட்டியது லான்சியா. தொடர் புகழ்பெற்றபின் புதிய பதிப்புகளில் அதனை ஜாகுவாராக மாற்றினர். நாடகம் மூலநூலைத் திருத்திய அரிய நிகழ்ச்சி இது! மோர்ஸின் இளமையைக் கூறும் 'எண்டெவர்' 2012இல் வந்தபோது அவருடைய மேலதிகாரிக்கு முந்தைய மாதிரியான மார்க் 1 ஜாகுவாரைக் கொடுத்தனர். அம்மாதிரி 1959இல் நின்றுவிட்டது. கதை தொடங்குவதோ 1965இல். ஒரு தெருவில் அவ்வாண்டுக் கார்கள் மட்டும் ஓடுவதில்லை என்பதை உணர்ந்தோர் செய்த தேர்வு எனப் பாராட்டுகிறோம்.

நம் நாட்டிலும் பாசு சட்டர்ஜி இயக்கிய 'வியோம்கேஷ் பக்ஷி' 1993இல் தூர்தர்ஷனில் வந்தது. பழைய கல்கத்தாவை அது பெரும்பாலும் அறைகளுக்குள்ளேயே காட்டி இத்தொல்லையினின்றும் தப்பியது. தெருவில் இறங்கும் இந்தியத் தொடருக்கு வேறொரு இடர் உண்டு. 1957இல் வந்த அம்பாசிடர் 2014 வரை ஏறக்குறைய அதே உருவில் உற்பத்தியாயிற்று. ஆகவே காரின் தோற்றத்தைக் கண்டு ஆண்டைச் சொல்லல் இங்கு அரிது. பதிவெண் பலகையைத்தான் பார்க்க வேண்டும். மாநில எழுத்துகளை அடுத்து வட்டார அலுவலக எண் வரும் இன்றைய முறை 1989ஆம் ஆண்டையொட்டி வந்தது. 1970இல் நிகழும் கதையில் அத்தகைய பலகை தாங்கிய அம்பாசிடர் வந்து நிற்குமாயின், துப்பறிவாளர் முதலில் விசாரிக்க வேண்டியது அதன் ஓட்டுநரை.