வானொலி நாடகமும் மக்கள் பேச்சும்

இலங்கையில் 1925 இல் தொடங்கிய வானொலி அரசின் கையிலேயே வளர்ந்தது. 1967 இல் கூட்டுத்தாபனமாக்கப்பட்ட போதும் உடைமை மாறவில்லை. அரசுடைமை மக்களுடைமை ஆகுமா? அதன் தமிழ்ச் சேவை பேச்சுமொழியைக் கையாண்ட முறை இவ்வினாவிற்கு விடை தருகின்றது.

அறுபதுகளின் மரபுப் போராட்டத்தில், முற்போக்கு எழுத்தாளர் கையாண்ட பேச்சுவழக்கினைப் பண்டிதர் சிலர் ‘இழிசனர் வழக்கு’ என இகழ்ந்தனர். ஆனால், 1961 இல் மறைந்த இலங்கையர்கோன் தம் ‘விதானையார் வீட்டில்’ நாடகத்தின் மூலம் யாழ்ப்பாணக் கிராமத்துப் பேச்சினை அதற்கு முன்னரே வானலையில் ஏற்றியிருந்தார். இது வானொலியின் முற்போக்கான பங்களிப்பாகும்.

எனினும் அவ்வழக்கு எத்துறைகளில் அனுமதிக்கப்பட்டது என்பதை நோக்குதல் வேண்டும். ராமதாஸின் ‘கோமாளிகளின் கும்மாளம்’, 1976 இல் ‘கோமாளிகள்’ எனத் திரைப்படமானது. அதிலே சமூகத்திற்கொரு பேச்சுமுறை நகைப்பிற்குரிய அடையாளமாயிற்று. சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ குடும்பத் துயரையும் பேச்சுமொழி தாங்கவல்லது எனக் காட்டியது. ஆயின் செய்தியறிக்கை, அரசின் கொள்கை விளக்கம் ஆகியன எழுத்துநடைக்கே உரியனவாயின.

இப்பிரிவினை வெறும் நடை பற்றியதன்று, அதிகாரம் பற்றியது. மக்கள் பேச்சு அங்கே நகைக்கவும் அழவும் உரிமை பெற்றது. அரசுடன் வாதிடும் உரிமையைப் பெறவில்லை. தொண்ணூறுகள் முதல் வந்த தனியார் வானொலிகள் பேச்சுமொழியைத் தாராளமாக வழங்கின. ஆனால் விளம்பரச் சந்தையின் தேவைக்கே அதனைப் பெரிதும் உட்படுத்தின. வாதிடும் உரிமையை இரண்டு உடைமையும் தரவில்லை.