கைப்பிரதியை ஆறப்போடுதல்

எழுதியதை உடனே வெளியிடாமல் ஒதுக்கிவைக்கும் வழக்கத்துக்கு ரோமானியக் காலம்தொட்டே ஆதரவாளர்கள் உண்டு. ஹொரேஸ், கவிதைக் கலை பற்றிய தம் செய்யுள் நிருபத்தில், கைப்பிரதியை ஒன்பதாம் ஆண்டுவரை உள்ளேயே வைத்திருக்கச் சொன்னார். அதை அப்படியே பின்பற்றினால் எந்தப் பதிப்பகமும் பிழைக்காது. ஒரு நூற்றாண்டு கழித்து வந்த குவின்டிலியன் கெடு எதுவும் விதிக்கவில்லை. சில காலம் தள்ளிவைத்த எழுத்து பிறர் எழுதியதுபோலக் கண்ணில் படும்; அப்போதே பிறந்த பிள்ளையைக் கொஞ்சுவதுபோல அதைக் கொஞ்சத் தோன்றாது என்பது அவர் கருத்து. 2000இல் எழுத்துக்கலை பற்றி நூல் எழுதிய ஸ்டீபன் கிங், நாவலின் முதல் வரைவுக்குக் குறைந்தது ஆறு வாரம் கேட்கிறார்.

காரணம் எளியது. எழுதிய சூட்டோடு படிப்பவர் தாளில் இருப்பதைவிடத் தம் மனத்தில் இருப்பதையே படிக்கிறார். விடுபட்ட சொல்லை ஞாபகம் நிரப்பிவிடுகிறது. ஒரே பத்தியில் தந்தையும் மாமனாரும் வந்தால், 'அவர் எழுந்து போனார்' என்ற வரியில் போனது யார் என்ற ஐயம் எழுதியவருக்கு எழாது. சில வாரம் கழித்து எழும்.

பாதியில் நின்றுபோன படைப்புக்கு இடைவெளி வேறு விதமாக உதவுகிறது. மார்க் ட்வைன் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலை 1876 கோடையில் தொடங்கி, நானூறு பக்கத்துக்கு மேல் எழுதி நிறுத்திவிட்டார். நீராவிப் படகு தெப்பத்தின் மீது மோதும் கட்டத்தில் நிறுத்தினார் என்றே ஆய்வாளர்கள் நெடுங்காலம் நம்பினர். 1990இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு வீட்டு மச்சிலிருந்து கைப்பிரதியின் முதற்பாதி கிடைத்தபோது, அதையும் தாண்டி, குலப்பகை என்றால் என்ன என்று ஹக் கேட்கும் இடம்வரை அவர் போயிருந்தது தெரியவந்தது. கேள்வியோடு நின்ற கதை உடனே நகரவில்லை. இடையில் வேறு நூல்கள் எழுதினார். 1882இல் மிசிசிப்பி ஆற்றில் மீண்டும் பயணம் செய்தார். 1883 கோடையில் நாவலை முடித்தார். 'டாம் சாயர்' எழுதும்போதும் இப்படித் தம் கற்பனைத் தொட்டி வற்றியதாகவும், தாம் தூங்கும்போதும் பிற வேலை பார்க்கும்போதும் அது தானே நிரம்பியதாகவும் அவரே சொல்லியிருக்கிறார்.

இந்த நிரம்புதலுக்கு உளவியலில் ஒரு சட்டகம் தந்தவர் கிரஹாம் வாலஸ். 1926இல் வெளிவந்த அவரது நூல் படைப்புச் சிந்தனையை ஆயத்தம், அடைகாத்தல், விளக்கம் பெறுதல், சரிபார்த்தல் என நான்கு கட்டமாகப் பிரித்தது. பின்னர் நடந்த பல சோதனைகளை 2009இல் சியோ, ஓர்மராட் இருவரும் தொகுத்து ஆராய்ந்தனர். விலகியிருப்பதால் பலன் உண்டு. முன்கூட்டிய உழைப்பு நீண்டதாக இருந்தால் பலனும் கூடுகிறது. இடைவெளியில் மூளையைக் கசக்கும் வேலை வைத்துக்கொண்டால் குறைகிறது. சொற்புதிர்களைப் பொறுத்தவரை, சும்மா இருப்பதைவிட இலகுவான வேலை ஒன்று கூடுதலாக உதவியது. சோதனைக்கூடப் புதிர் வேறு, நாவல் வேறு. இருந்தாலும் உழைக்காமலே ஓய்வெடுப்பவருக்கு இதில் சாதகமாக ஒன்றுமில்லை.

வாராந்தரத் தொடர்கதைக்கு இந்த வசதி கிடையாது. சென்ற வார அத்தியாயம் வாசகர் கைக்குப் போயிருக்கும். அடுத்ததை அச்சகம் கேட்கும். கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை அப்படித்தான் 'கல்கி' இதழில் வந்தது. தொடர் முடிந்த அதே ஆண்டின் டிசம்பரில் கல்கி காலமானார். ஐந்து பாகங்களையும் ஆறப்போட்டு எடுத்துப் பார்க்க அவருக்கு மிஞ்சியவை சில மாதங்களே.