சாந்து இடித்த கைகள்

சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தருகே நிற்கும் தமிழர்க்கு ஒரு நெருக்க உணர்ச்சி தோன்றுதல் இயல்பே. ஏனெனில், சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்து இடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துப் பூசி, உலர்ந்தபின் ஸ்படிகத்தால் தேய்த்து மெருகேற்றிய அதன் சாந்து, சென்னைச் சீமைக் கொத்தர்கள் பரம்பரையாய் அறிந்த சாந்தாகும். 1856-இல் தொடங்கிய அந்தக் கிறிஸ்தவ ஆலயப் பணியில் உழைத்தவர்களோ, இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள்.

சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியிருப்பை நிறுவிய ராபிள்ஸ், 1823-இல் இத்தீவில் அடிமை வாணிபத்தைத் தடைசெய்தார். 1825 ஏப்ரல் 18-இல் சுமத்ராவின் பெங்கூலனிலிருந்து சென்னைக் கைதிகள் 80 பேர் வந்திறங்கினர். அடிமைக்கு ஒரு கதவை அடைத்துக் கைதிக்கு மற்றொன்றைத் திறந்தார்கள் என்று கூறி, இரண்டையும் ஒன்றாக்கி அமைதல் நியாயமன்று. அட்லாண்டிக் கரைத் தோட்டங்களில் அடிமைத் தாயின் மகவும் அடிமையாகவே பிறந்தது. கத்தோலிக்க எஜமானர்கள் ஆப்பிரிக்கருக்கு ஞானஸ்நானம் செய்வித்துப் புதுப் பெயரும் இட்டனர். இங்கோ தண்டனை சந்ததியைத் தொடரவில்லை; கைதியின் மதம் அவனுடையதாகவே இருந்தது. நன்னடத்தை உடையோர் பியூன், தண்டல், தபேதார் எனப் படிப்படியாய் உயர்ந்து, சக கைதிகளைத் தாமே காவல் செய்தனர். பின்னர் விடுதலைச் சீட்டுப் பெற்று ஊரில் தொழில் செய்து பிழைத்தவரும் பலர். மனிதன் திருந்தக்கூடியவன் என்னும் நம்பிக்கையின்மேல் நின்ற இம்முறையை நான் மனமாரப் போற்றுகிறேன்.

ஆயினும் இப்புகழ்ச்சி யாருடைய வாய்மொழி? 1899-இல் இதனை விரிவாக எழுதி வெளியிட்ட மெக்நேர், அக்கைதிகளுக்கே அதிகாரியாய் இருந்தவர். சாந்து இடித்தவன் தன் நெஞ்சைத் திறந்து எழுதிய ஏடு ஒன்றும் என் கைக்கு எட்டியதில்லை. ஆயுள் கைதியின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கம் 1849-இல்தான் ஒழிக்கப்பட்டது. அந்நெற்றியில் திருநீறு இட்ட விரல் நாள்தோறும் எதைத் தடவியிருக்கும்! கைதிகளுக்குத் தொழில் கற்பித்தோம் என்று அதிகாரிகள் கூறுவதும் பாதி உண்மையே. அச்சாந்தின் நுட்பம் சிறை ஈந்ததன்று, அவர்கள் பிறந்த மண் ஈந்தது. இவற்றினும் பெரிய குறை, கருணையின் அளவுகோல் காலனியின் தேவையாய் இருந்ததே. சாலைகளும் கட்டடங்களும் எழும்வரை கைதிகள் வேண்டப்பட்டனர். 1873-இல் அவ்வமைப்பு கலைக்கப்பட்டபோது, தண்டனை முடியாதோர், கற்ற தொழிலோடும் பழகிய ஊரின் நினைவோடும், அந்தமானுக்குக் கப்பலேற்றப்பட்டனர்.