ஒரே எஞ்சின், இரண்டு கணக்கு

ஓசூரிலும் சக்கனிலும் தாருஹேராவிலும் செய்த வண்டிகள்தான் சென்னைத் தெருவிலும் ஓடுகின்றன, யாழ்ப்பாணத் தெருவிலும் ஓடுகின்றன. டி.வி.எஸ்., பஜாஜ், ஹீரோ ஆகிய மூன்றையும் எடுத்துவிட்டால் இரண்டு ஊரிலும் வீதி பாதி காலியாகிவிடும். அப்படியிருந்தும் அந்த எஞ்சின் ஒருநாள் எண்ணெய் வற்றிப் பிடித்துக்கொண்டால், கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீர்ப்பு, இந்தப் பக்கம் வேறு தீர்ப்பு. சென்னை மெக்கானிக் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல காசு போடாதீங்க சார், வந்த விலைக்குக் குடுத்துட்டு வேற எடுங்க" என்பார். யாழ்ப்பாணத்து மெக்கானிக், "விக்கிற கதையை விடும் தம்பி, பிரிச்சுப் பாப்பம்" என்பார். இருவருமே தொழில் தெரிந்தவர்கள். அவரவர் ஊரில் இருவர் சொல்வதும் சரி.

முதலில் எது போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் வேலையை இரண்டாகப் பிரிப்பார்கள்: ஹாஃப் எஞ்சின், ஃபுல் எஞ்சின். ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றி பிஸ்டன், ரிங், வால்வு பார்ப்பது ஹாஃப். கிராங்க்கேஸையே இரண்டாகப் பிளந்து கிராங்க், கனெக்டிங் ராடு, பேரிங், கியர் வரைக்கும் போவது ஃபுல். சைலன்சரில் நீலப் புகை, மாதாமாதம் எண்ணெய் குறைவது, ஏற்றத்தில் இழுவை இல்லாமல் போவது என்றால் பெரும்பாலும் ஹாஃபில் முடியும். அடியிலிருந்து இரும்பு தட்டுவதுபோல் சத்தம் வந்தால் பிக் எண்ட் பேரிங் போயிருக்கிறது, ஃபுல் எஞ்சின்தான். இந்த வரம்பு தெரியாமல் "செய்யலாமா, மாற்றலாமா" என்று கேட்பதில் பயன் இல்லை.

ஹாஃப் எஞ்சினில் இரண்டு ஊருக்கும் பெரிய சண்டை கிடையாது. ஆனால் செய்யும் விதம் வேறு. இரும்பு ஸ்லீவ் வைத்த பிளாக்கை லேத்தில் கொடுத்துப் போர் போட்டு, அதாவது சிலிண்டரின் உள்விட்டத்தைக் குடைந்து பெரிதாக்கி, கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனை இறக்கலாம். பிறகு அரை, முக்கால், ஒன்று என நான்கு தடவை வரை அந்தப் பிளாக் தாங்கும். ஹீரோ ஸ்ப்ளெண்டரின் போர் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 49.5, கொள்ளளவு 97.2 சி.சி. நான்காம் தடவை போர் போட்ட ஸ்ப்ளெண்டர் 101 சி.சி. ஆகிவிடும். யாழ்ப்பாணத்தில் அப்படிப்பட்ட வண்டிகள் உண்டு, உடையவர்களுக்கே தெரியாது. தமிழ்நாட்டில் அந்த அளவுக்கு யாரும் போவதில்லை. பிளாக், பிஸ்டன், ரிங் எல்லாம் சேர்ந்த கிட் ஊருக்கு ஊர் கடையில் தொங்குகிறது. லேத்துக்கு அனுப்பி இரண்டு நாள் காத்திருப்பதைவிட அதைப் போட்டு மாலையே வண்டியைக் கொடுத்துவிடலாம். இலங்கையில் அதே கிட்டின் விலையில் கப்பல் கூலி, இறக்குமதி வரி, டொலர் விலை மூன்றும் ஏறிக்கொள்வதால் போர் போடுபவருக்கு இன்னும் தொழில் இருக்கிறது.

கணக்கு பிரிவது ஃபுல் எஞ்சினில்தான். தமிழ்நாட்டில் நூறு சி.சி. வண்டிக்கு நல்ல சாமான் போட்டு முழு எஞ்சினும் செய்தால் பத்தாயிரம் ரூபாய் சுலபமாகத் தாண்டும். பத்து வயதான அந்த வண்டி விற்றால் இருபதாயிரமோ கொஞ்சம் கூடவோ வரும். எஞ்சின் செய்த ரசீதைக் காட்டினால் வாங்குபவர் விலையைக் கூட்டித் தரப்போவதில்லை. "இன்ஜின் பிரிச்ச வண்டியா?" என்று குறைத்துத்தான் கேட்பார். இந்தியாவில் வண்டியின் விலை இறங்குவது எழுதிவைத்த விதி போன்றது. காப்பீட்டுக்கான மதிப்பு முதல் ஆறு மாதத்திலேயே ஐந்து சதவீதம் குறையும், நான்கு வயதைக் கடந்தால் பாதி போய்விடும். பதினைந்து ஆண்டு முடிந்தால் ஆர்.சி. என்ற பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். 300 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. பசுமை வரி தனி. மறுபக்கம் 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையான புது பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. தவணைக்காரர் வாசலிலேயே நிற்கிறார். பழைய எஞ்சினில் பணத்தைக் கொட்டுகிறவரைச் சென்னை ஏமாளியாகப் பார்ப்பதற்கு இவ்வளவு காரணம் இருக்கிறது.

சென்னைக்கு இன்னொரு தனிக் கேடு உண்டு: வெள்ளம். 2015 டிசம்பரில் தண்ணீருக்குள் நின்ற பைக்குகளை, தண்ணீர் வடிந்ததும் ஆவலோடு உதைத்தவர்கள் பலர். எஞ்சினுக்குள் போன தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. பிஸ்டன் நிற்கும், கனெக்டிங் ராடு வளையும். வெள்ளச் சேதத்தை ஏற்கும் காப்பீட்டு நிறுவனம், நனைந்த எஞ்சினைக் கிளப்பியதால் வந்த சேதத்தைச் சாதாரண பாலிசியில் ஏற்பதில்லை. ஒரு உதையில் ஹாஃப் எஞ்சின்கூட வேண்டியிராத வண்டி ஃபுல் எஞ்சினுக்குப் போய்விடுகிறது.

செய்யவும் மனமில்லை, புதிது வாங்கவும் பணமில்லை என்றால் சென்னைக்காரருக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு: புதுப்பேட்டை. கூவத்தின் கரையில், பிரித்த வண்டிகளின் உறுப்புகள் மலையாகக் குவிந்த சந்தை அது. விபத்தில் சட்டகம் நொறுங்கி எஞ்சின் பிழைத்த வண்டிகள் அங்கே வரும். ஓடுகிற எஞ்சினை முழுதாக வாங்கி மாற்றிக்கொண்டு வந்துவிடலாம், ஃபுல் எஞ்சின் வேலையைவிட மலிவாகவே. இதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பவர்கள் அதிகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எஞ்சின் எண் கிராங்க்கேஸில் பொறித்திருக்கிறது, அந்த எண் ஆர்.சி.யில் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ.விடம் போய் ஒப்புதல் வாங்கிப் பதிவைத் திருத்த வேண்டும். வாங்கிய எஞ்சினுக்கு ரசீது இல்லை என்றால் அந்த வேலையே தொடங்காது. அது திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால் மிச்சத்தைக் காவல் நிலையத்தில்தான் பேச வேண்டியிருக்கும். விபத்துக்குக் காப்பீட்டு இழப்பீடு கேட்கும்போதும் முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

யாழ்ப்பாணத்தில் எஞ்சின் செய்வது சிக்கனமாக மட்டும் தொடங்கவில்லை, வேறு வழியில்லாமல் தொடங்கியது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பெட்ரோல், பற்றரி, உதிரிப்பாகம் எல்லாம் தடை. மண்ணெண்ணெயில் வண்டி ஓடியது. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது, குளிர்ந்த எஞ்சின் அதில் கிளம்பாது. சிறு போத்தலில் பொத்தி வைத்திருந்த பெட்ரோலைச் சில துளி விட்டு உதைத்துக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். எரியாமல் மிஞ்சியது ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். ரிங்கும் போரும் தேயும், வால்வில் கரி கட்டும். ஆகவே எஞ்சின்கள் அடிக்கடி பிரிக்கப்பட்டன, புதுச் சாமான் இல்லாமலேயே திரும்பப் பூட்டப்பட்டன. ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் தொழில் படித்தது அந்தப் பள்ளியில். அவர்கள் கையில் "இது உதவாது, எறி" என்ற சொல் வருவது கடினம். 2002இல் ஏ9 நெடுஞ்சாலை திறந்து இந்திய வண்டிகள் வந்து இறங்கியபோதும், 2009க்குப் பிறகு லீசிங் கொம்பனிகள் வீதிக்கு வீதி கடை விரித்தபோதும் அந்தக் கை பழக்கத்தை விடவில்லை.

அந்தப் பழக்கம் சரிதான் என்று நாட்டின் கஜானாவே பிறகு நிரூபித்தது. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காப்பாற்ற வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. புது மோட்டார் சைக்கிள் சந்தையில் இல்லை, பழையது வாங்கிய விலையையும் தாண்டி விற்றது. சென்னைக்காரரிடம் சொன்னால் நம்பமாட்டார்: ஐந்து வருடம் ஓடிய பல்சரை, வாங்கிய விலையைவிட இலாபத்துக்கு விற்றவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்த நேரத்தில் எஞ்சின் பிடித்த வண்டிக்கு எவ்வளவு செலவழித்தாலும் வண்டியின் விலையில் அது சிறு துண்டுதான். 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூ.ஆர். முறை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் என்றபோது, பதிவு இருந்தால் போதும், ஓடாத வண்டிக்கும் பங்கு கிடைத்தது. பழுதான வண்டியைக் கொட்டிலில் போட்டிருந்தவர்கள் அதை இரும்புக்குக் கொடுக்காததற்கு நன்றி சொல்லிக்கொண்டார்கள்.

லீசிங்கையும் மறக்கக் கூடாது. தவணை முடியும்வரை கொம்பனியின் பெயரும் பதிவில் இருக்கும். அதன் சம்மதமின்றி வண்டியை விற்கவும் முடியாது. எஞ்சின் போனாலும் மாதத் தவணை நிற்காது. ஓடாத வண்டிக்குத் தவணை கட்டுவதைவிட, கடன் வாங்கியாவது எஞ்சின் செய்து வேலைக்குப் போவதுதான் புத்தி. தமிழ்நாட்டிலும் தவணை உண்டு, ஆனால் அங்கே பழையதைக் கொடுத்துவிட்டுப் புதிய தவணைக்குத் தாவுவது சுலபம்.

எஞ்சின் எண் விஷயத்தில் இலங்கை இந்தியாவைவிட இளக்கமானதில்லை. எஞ்சின் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்த வேண்டும், எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்றும் வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் எஞ்சின் வாங்கலாம். அதன் கடதாசியைச் சரிசெய்ய அலைவதை நினைத்தே பலர் கைவிடுகிறார்கள். ராடு உடைந்து கிராங்க்கேஸைத் துளைத்த எஞ்சினைக்கூட ஆர்கன் வெல்டிங் பிடித்து, முகத்தை மட்டம் தீட்டி, திரும்பப் பூட்டுவது இதனால்தான். பிளாக், ஹெட், பிஸ்டன், கிராங்க் எல்லாம் மாறினாலும் எண் உள்ள அந்தப் பக்கத்துக் கேஸ் இருந்தால் சட்டத்துக்கு அது பழைய எஞ்சின்தான். வேலை சுத்தமாக இருந்தால் பாராட்டலாம். பேரிங் இருக்கையில் வெடிப்பு ஓடிய கேஸுக்கும் இதைச் செய்வது தவறு. சில மாதத்தில் அதே வெடிப்பு திறக்கும், புதிதாகப் போட்ட கிராங்கையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாழ்ப்பாணத்தான் பொருளைப் பேணுபவன், சென்னைக்காரர் வீணாக்குபவர் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். யமகா ஆர்.எக்ஸ். 100ஐப் பாருங்கள். 1996இல் தயாரிப்பு நின்ற டூ ஸ்ட்ரோக் வண்டி. தமிழ்நாட்டில் நன்றாகச் செய்துவைத்த ஒன்று, புது ஸ்ப்ளெண்டரின் விலையைத் தாண்டிப் போகிறது. அதன் எஞ்சின் பிடித்துக்கொண்டால் எந்தச் சென்னைக்காரரும் "குடுத்துட்டு வேற எடுங்க" என்பதில்லை. கிராங்கைக் கழற்றி, ராடு கிட் தேடி ஊர் ஊராக அலைகிறார். வண்டி விலை ஏறும் பொருளானவுடன் அவரும் யாழ்ப்பாணத்தாராகிவிடுகிறார்.

புதுத் தலைமுறை எஞ்சின்கள் இரண்டு ஊரின் பழக்கத்தையும் கலைக்கப்போகின்றன. யமகா ஆர்.15, கே.டி.எம். டியூக் போன்றவற்றின் அலுமினியச் சிலிண்டரில் இரும்பு ஸ்லீவ் இல்லை. பழைய முறையில் போர் போட முடியாது, சிலிண்டரையே மாற்ற வேண்டும். இந்தியாவில் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபின் சிறு வண்டிகளுக்கும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. புதுப்பேட்டையிலிருந்து பழைய எஞ்சினைத் தூக்கிவந்து பூட்டினால் சென்சாரும் வயரிங்கும் ஒத்துழைக்காது. இலங்கைக்கு அதுவரை வந்தவை பெரும்பாலும் கார்புரேட்டர் வண்டிகள் என்பதால் இந்தத் தலைவலி இங்கே பிந்தித்தான் வரும்.

இப்போது என் தீர்ப்பு. 2025இல் இலங்கையில் இறக்குமதி மீண்டும் திறந்துவிட்டது, புது வண்டிகள் கடையில் நிற்கின்றன. ஆனாலும் விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை, சம்பளம் அதற்கேற்ப ஏறவில்லை. ஆகவே யாழ்ப்பாணத்தில் இன்னும் சில வருடங்களுக்கு எஞ்சின் செய்வதே சரி, கேஸ் முழுதாக இருந்தால். மூன்று தடவை போர் போட்டு, கிராங்கும் ஒருமுறை மாறியிருந்தால் நிறுத்திக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் ஹாஃப் எஞ்சின் என்றால் யோசிக்காமல் செய்யலாம். ஃபுல் எஞ்சின் என்றால், ஆர்.சி. முடிய ஐந்து ஆண்டாவது மிச்சமிருந்தால் மட்டும். புதுப்பேட்டை எஞ்சினை ரசீது இல்லாமல் தொடவே வேண்டாம்.

எங்கே செய்தாலும் மூன்றைக் கேட்டு வாங்குங்கள். போர் போடும் முன் அளந்த அளவைத் துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பிஸ்டனையும் பேரிங்கையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், மாற்றாமல் மாற்றியதாகச் சொல்வது இரண்டு கரையிலும் உண்டு. கொம்பனிச் சாமான் என்றால் பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். வண்டி கைக்கு வந்தபின் முதல் ஐந்நூறு கிலோமீட்டர் முறுக்காமல் ஓடி, உடனே எண்ணெயை மாற்றுங்கள்.